ஜெயிக்கிற ஆட்டத்தைக் கைவிட்டவர்

தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன். கல்யாண மாப்பிள்ளையைப் பார்த்து சுகமா என்று கேட்பது வேண்டாத வேலை, அதனால் கேட்கவில்லை. சட்டைக்கு அளவு அனுப்பச் சொல்லி எழுதியிருந்தேன், நீ அனுப்பவில்லை. போன மாதம் வந்தபோது ஆணியில் மாட்டிவிட்டுப் போன உன் பழைய சட்டையை வைத்தே துணியை வெட்டிவிட்டேன். தோள் கொஞ்சம் இறங்கியிருந்தால் என்னைக் குறை சொல்லாதே. ஆனால் இது சட்டையைப் பற்றிய கடிதம் இல்லை. நீளமாகத்தான் இருக்கும். சிங்கப்பூர் ஆபீசில் மேசைக்கடியில் வைத்துத் திருட்டுத்தனமாகப் படிக்காதே. அறைக்குப் போய், குளித்து, சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

போன செவ்வாய்க்கிழமை தைப்பிங்கிலிருந்து நாகலிங்கம் ஐயாவின் அட்டை வந்தது. கூலாய் தபாலாபீஸ் கிராணி அதை ஜன்னலுக்கு உள்ளேயே படித்து முடித்திருந்தார். இத்தனை வருஷமாக அங்கிருந்து அவரும் இங்கிருந்து நானும் ஆளுக்கொரு காயை நகர்த்தி, நகர்த்தியதை அட்டையில் எழுதி அனுப்பி, தபாலிலேயே சதுரங்கம் ஆடுகிறோம் என்பது ஊருக்கே தெரியும். அட்டையை முதலில் படிப்பது கிராணிக்கு உரிமை மாதிரி ஆகிவிட்டது. எப்போதும் "அலமாக், அக்கா, உங்க குதிரை மாட்டிக்கிச்சுலா!" என்று சிரித்துக்கொண்டேதான் நீட்டுவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "என்னக்கா இது? அந்த ஐயா தோத்துட்டேன்னு எழுதியிருக்காரு. அவருதானே முன்னுக்கு நின்னாரு?" என்றார். வாங்கிப் பார்த்தேன். 'இந்த ஆட்டத்தில் நான் தோற்றேன். கண் முன்போல் தெரியவில்லை, இத்துடன் நிறுத்திக்கொள்வோம். உங்கள் மகனின் கலியாணம் சிறப்பாக நடக்கட்டும்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. கண் தெரியாதவர் எழுத்து அப்படி இருக்குமா, நீயே சொல்.

வீட்டுக்கு வந்து பலகையைப் பார்த்தேன். என் ராஜா மூலையில் முடங்கிக் கிடந்தது. அவருடைய யானை இரண்டும் நடுவில் வந்து நின்றன. என் யானை ஒன்று எப்போதோ போய்விட்டது. அவர் இன்னும் இரண்டு மூன்று அட்டை எழுதினால் போதும், நான் காலி. ஜெயிக்கப் போகிறவர் தோற்றேன் என்று எழுதினால், ஆட்டத்துக்கு வெளியே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அந்தக் கலியாண வாழ்த்து. உன் கல்யாணத்தைப் பற்றி நான் அவருக்கு ஒரு வார்த்தை எழுதியதில்லை. அட்டையில் ஆட்டத்தைத் தவிர எதுவும் எழுதுவதில்லை என்பது நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம், ஏன் அப்படி என்று பிறகு சொல்கிறேன். அப்படியானால் அவருக்கு யார் சொன்னது? நீதான் எழுதியிருக்கிறாய். 'அம்மாவுக்கு இனிமேல் எழுத வேண்டாம்' என்று மரியாதையாகத்தான் எழுதியிருப்பாய். எனக்கு வந்த கோபத்தில், முடிவெட்டுக் கடைக்காரர் மனைவியின் ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தைத்துவிட்டேன். பிரித்துச் சரிசெய்ய ஒரு பொழுது போயிற்று.

போன மாதம் நீ வந்திருந்தபோதே ஆரம்பித்தாய். சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா, பொண்ணு வீட்டுல கேக்குறாங்கம்மா. அந்த தைப்பிங் கார்டெல்லாம் கல்யாணம் முடியிற வரைக்கும் வேணாமே" என்றாய். "என்ன கேக்குறாங்க?" என்றேன். "இல்லம்மா, அவருக்கும் இப்ப சம்சாரம் இல்ல... சும்மா கேக்குறாங்க" என்றாய். நான் பார்க்கலாம் என்று சொல்லி உனக்கு ரசம் ஊற்றினேன். பார்க்கலாம் என்று நான் சொன்னால் முடியாது என்று அர்த்தம், உனக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால்தான் என்னிடம் மறுபடி கேட்காமல் அவரிடம் போயிருக்கிறாய்.

இனி முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரியும், பாதி தெரியாது. உன் அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு டிரஸ்ஸராக வருவதற்கு முன்னால் ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அங்கே கூட வேலை பார்த்தவர்தான் நாகலிங்கம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர். அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் ஆடுவதைப் பார்த்து இரண்டு பேரும் சதுரங்கம் கற்றுக்கொண்டார்கள். நான் கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன்பே, ஒரு ஆட்டம் பாதியில் நிற்கும்போது நாகலிங்கம் ஐயாவுக்குத் தைப்பிங்குக்கு மாற்றல் வந்துவிட்டது. இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கட்டங்களுக்கு எண் போட்டு, அட்டையில் எழுதி, அந்த ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அது முடிந்ததும் இன்னொன்று. நாங்கள் எஸ்டேட்டுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை. உன் அப்பா பலகையை ஆஸ்பத்திரியில் மருந்து அலமாரிக்கு மேலே வைத்திருந்தார். வீட்டில் வேறொரு பலகை, அதில் என்னோடு ஆடுவார். எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தது அவர் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஆபீசில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு ஆடக் கூட்டாளி இல்லாமல் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். உன் அப்பாவை நான் பல தடவை ஜெயித்திருக்கிறேன். அதை அவர் வெளியில் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

ஊருக்கெல்லாம் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுத்தவர் அதே காய்ச்சலிலேயே போனார். நீ அப்போது எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் தைப்பிங் அட்டை வந்தது. அவருக்குச் செய்தி போயிருக்கவில்லை. அவருடைய நகர்த்தலை எழுதி, 'இதற்கு என்ன செய்யப் போகிறீர், பார்ப்போம்' என்று கிண்டலாக முடித்திருந்தார். அதைப் படித்ததும் நான் அழுதேன். உன் அப்பா இறந்த அன்றுகூட அப்படி அழவில்லை, அன்றைக்குச் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பிறகு பழைய அட்டைகளையும், உன் அப்பா தன் நகர்த்தல்களைக் குறித்து வைத்திருந்த தாளையும் எடுத்து, முதலிலிருந்து காய்களை நகர்த்தி, ஆட்டம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்தேன். உன் அப்பாவுக்கு மோசமான நிலைமை. ஆனால் ஒரு வழி இருந்தது. ஓர் அட்டை எடுத்து, அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியை எழுதினேன், கீழே அவர் பக்கத்து நகர்த்தலையும் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பதில் கேட்டு வந்த அட்டைக்குப் பதில் போடாமல் இருக்க மனசு வரவில்லை.

நான் எழுதிய நகர்த்தல் என்ன தெரியுமா? ராஜாவைக் குதிரை மாதிரி தாவ வைத்தேன். அவர் ஆறுதல் சொல்லி ஒரு நீண்ட பதில் எழுதினார். உன் அப்பாவைப் பற்றி நல்ல நல்ல வார்த்தையாக எழுதிவிட்டு, கடைசியில், 'துக்கத்தில் இருக்கிறீர்கள், ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டீர்கள் போலும், பாதகமில்லை' என்று முடித்திருந்தார். எனக்குச் சுர்ரென்றது. துக்கமாவது தவறாவது! எங்கள் நாகப்பட்டினத்தில், அதுவரை செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை போலத் தாவலாம். என் அப்பா அப்படித்தான் ஆடினார். உன் அப்பாவும் என்னோடு ஆடும்போது அப்படித்தான் ஆடினார். ஆட்டம் என்றால் உலகம் முழுக்க ஒரே ஆட்டம் என்று நினைத்திருந்தேன். பழைய அட்டைகளில் காலாள் முதலடியில் இரண்டு கட்டம் போயிருந்ததைப் பார்த்தபோதுகூட, தபாலில் ஆடுவதால் அவசரத்துக்கு அப்படி வைத்துக்கொண்டார்கள் என்றுதான் எண்ணினேன். உன் அப்பா எனக்காக என் ஊர்ச் சட்டத்தில் ஆடியிருக்கிறார், நாகலிங்கம் ஐயாவோடு வெள்ளைக்காரன் சட்டத்தில் ஆடியிருக்கிறார், இரண்டும் வேறு என்று என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. புருஷன் போன பிறகு அவரைப் பற்றி இப்படி ஒரு விஷயம் தெரிய வந்தது எனக்கு ஒருவிதத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எங்கள் ஊரில் தாவலாம், அது தவறில்லை என்று ஒரே வரியில் எழுதிப் போட்டேன். அதற்கு அவர் எழுதிய பதில்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. 'யாழ்ப்பாணத்திலும் வயதானவர்கள் அப்படி ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தாவலை ஏற்றுக்கொள்கிறேன். இனி எந்தச் சட்டப்படி ஆட வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தார். தம்பி, அந்த வருஷத்தை நினைத்துப் பார். எஸ்டேட்டில் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். உன் சித்தப்பா, ஊருக்குப் போய் மாமியார் வீட்டில் இரு என்றார். கோயில் தலைவர் வந்து, வெள்ளைப் புடவை கட்டுவதுதான் முறை என்றார். எதிர்வீட்டுக்காரி, பிள்ளையை யாருக்காவது தத்துக் கொடுத்துவிடு என்றாள். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ என்ன செய்யப் போகிறாய் என்று என்னைக் கேட்டது ஒரே ஒருவர். அவரும் ஒரு ராஜாவைப் பற்றித்தான் கேட்டார், இருந்தாலும் கேட்டார். ராஜா தாவட்டும், காலாள் இரண்டு கட்டம் போகட்டும் என்று எழுதினேன். சரி என்றார். அந்தச் சட்டத்தில் கூலாய்க்கும் தைப்பிங்குக்கும் நடுவில் மட்டும்தான் ஆடுகிறார்கள், வேறெங்கும் இல்லை.

அதன் பிறகுதான் கூலாய்க்கு வந்தோம், கடைக்குப் பின்னால் இந்த அறையைப் பிடித்தேன், மெஷினை வைத்துத் தைக்க ஆரம்பித்தேன். பேச்சு வராமல் இல்லை. ரப்பர் விலை விழுந்து எஸ்டேட் ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த சமயத்தில், நாங்களும் போய்விட வேண்டும் என்று உன் சித்தப்பா மறுபடி வந்தார். அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி இது, வெறும் நம்பரா இருக்கு? ஆம்பளையும் பொம்பளையும் நம்பர்ல பேசிக்கிற அளவுக்கு என்ன ரகசியம்?" என்று கத்தினார். நான் அவரோடு சண்டை போடவில்லை. அன்றைக்கே தைப்பிங்குக்கு எழுதினேன், இனிமேல் எண் வேண்டாம், எந்தக் காய் எங்கே போகிறது என்று சொல்லில் எழுதுவோம், ஆட்டத்தைத் தவிர வேறெதுவும் எழுத வேண்டாம், கவரில் போடவே வேண்டாம், அட்டைதான், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று. அவர் அதற்கும் சரி என்றார். எங்கள் வழக்கம் அப்படி வந்தது. ஊர் படிக்கட்டும் என்றுதான் திறந்து வைத்தேன். படித்துப் படித்து ஊருக்கே ஆட்டம் பிடித்துப்போனது வேறு கதை. கிராணி இன்றைக்கும் எனக்கு யோசனை சொல்ல வருவார். அவர் சொன்னபடி ஆடினால் அன்றைக்கே தோற்கலாம், ஆனாலும் கேட்டுக்கொள்வேன்.

அவரை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. நீ ஜொகூர் பாருவில் படித்துக்கொண்டிருந்தாய். அவரும் அவர் சம்சாரமும் ரயிலில் சிங்கப்பூர் போகிறார்கள், கூலாயில் வண்டி நிற்கும் என்று அட்டை வந்தது. அந்த வழக்கம் வைத்த பிறகு, அதுவரை ஆட்டத்தைத் தவிர அவர் எழுதிய ஒரே விஷயம் அதுதான். போனேன். ஜன்னலில் குள்ளமாக, வழுக்கையாக ஒரு மனிதர். நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன், அவரும் என்னை வேறு மாதிரித்தான் நினைத்திருப்பார். அந்த அம்மாதான் பனங்கட்டிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "இவர் இருக்கிறது தைப்பிங்கிலதான், ஆனா நினைப்பு முழுக்க உங்கட பலகையிலதான் அம்மா. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் காது கேக்காது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அவருக்குக் கொஞ்சம் அலுப்பும் இருந்தது, எனக்குத் தெரிந்தது. வண்டி கிளம்பும்போது நாகலிங்கம் ஐயா ஒன்றே ஒன்று சொன்னார். "உங்கட யானை மூலைக்குள்ள நித்திரை கொள்ளுது, எழுப்புங்கோ" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன், சரிதான், யானை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. எதிராளிக்கு அப்படி யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

அந்த அம்மா தவறிப்போய் இரண்டு வருஷமாகிறது. சில வாரம் அட்டை வரவில்லை. பிறகு ஒரு அட்டையில், 'மனைவி காலமானார். காலாள் ஒரு கட்டம் முன்னே' என்று இருந்தது. நானும் ஆறுதலாக ஒரு வரி எழுதி, கீழே என் நகர்த்தலை எழுதினேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த அம்மா உயிரோடு இருந்தவரை யாருக்கும் உறுத்தாத விஷயம் அவர் போனதும் உனக்கு உறுத்துகிறது. உன் வயதில் அது புரிகிறது. எனக்கும் புரியாமல் இல்லை.

இனி நான் செய்த காரியம். வியாழக்கிழமை பஸ் ஏறி ஜொகூர் பாரு போய், அங்கிருந்து தெப்ராவ் ரோட்டில் பெண் வீட்டுக்கு, கமலம் வீட்டுக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. நாளைக்கு சம்பந்தியாகப் போகிறவர்கள் மனசில் ஒரு சந்தேகம் இருந்தால் அதை நான் நேரில் போய்த் தீர்த்து வைக்க வேண்டும், நீயும் அவரும் தீர்க்கக் கூடாது என்று நினைத்தேன். உன் மாமனார் சர்வே ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி காப்பி கொடுத்தார்கள். "நீங்க தைப்பிங் கார்டைப் பத்திக் கேட்டீங்களாமே, அதான் நானே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று ஆரம்பித்தேன். உன் மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் அவரைப் பார்த்தார்.

"எந்தக் கார்டுங்க? நாங்க ஒண்ணும் கேக்கலீங்களே" என்றார் உன் மாமனார்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர்கள் கேட்கவே இல்லை, தம்பி. அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. கேட்டது நீ. உனக்கு இருந்த வெட்கத்தைப் பெண் வீட்டார் மேல் போட்டு என்னிடம் கொண்டுவந்திருக்கிறாய். அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெயில் ஜாஸ்தி என்று சொன்னேன்.

ஆனால் ஆரம்பித்துவிட்டேனே, பாதியில் எப்படி நிறுத்துவது? முழுவதையும் சொன்னேன். உன் அப்பா, ராஜா தாவினது, எண், அட்டை, ரயில் எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்த உன் மாமியார் முகம் சுருங்கிப்போயிற்று. "இந்த வயசுல எதுக்குங்க இதெல்லாம்? நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. எங்களுக்கு இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது, நான் எதிர்த்துப் பேசவில்லை. உன் மாமனார் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூட வந்தார். வழியில், "அந்த ஐயா கல்யாணத்துக்கு வர்றாருங்களா?" என்று கேட்டார். கூப்பிடவில்லை என்றேன். "கூப்பிடாம வச்சாத்தாங்க பேச்சு வரும். கூப்பிட்டா வந்து சாப்பிட்டுட்டுப் போற ஆளுங்கதானே" என்றார். நல்ல மனிதர். ஆனால் வீட்டில் முடிவெடுப்பது அவர் இல்லை என்று நான் பார்த்த வரையில் தோன்றுகிறது, அதையும் நீ தெரிந்துகொள்.

ஆக, நீ எதற்குப் பயந்தாயோ அது நடந்துவிட்டது, அதை நடத்தி வைத்தது நான். கேட்காதவர்களிடம் நானே போய்ச் சொல்லியிருக்கிறேன். நீ என்மேல் கோபப்படலாம், உனக்கு உரிமை இருக்கிறது. என்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் தெப்ராவுக்குப் போயிருக்க மாட்டேன் என்பதையும் கோபத்தோடு சேர்த்து யோசித்துப் பார். நாளைக்குக் கமலம் ஏதாவது செய்து உனக்குப் பிடிக்காமல் போகும். அப்போது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, ஊருக்குப் பிடிக்கவில்லை என்று அவளிடம் சொல்லாதே. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல். அவள் சண்டை போடுவாள், போடட்டும். யாரோடு சண்டை போடுகிறோம் என்றாவது அவளுக்குத் தெரிய வேண்டும்.

நீ என்னிடம் கேட்க நினைத்துக் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவருக்கும் எனக்கும் நடுவில் என்ன இருக்கிறது? நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன், நீ தாங்குவாயா மாட்டாயா என்றெல்லாம் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்துகொள்ள ஒருவர் காத்திருக்கிறார். நான் யோசிப்பேன் என்று நம்பி, தானும் யோசிக்கிறார். நான் முட்டாள்தனமாக ஆடினால் வருத்தப்படுகிறார். உன் அப்பா போன பிறகு என்னை அப்படி நடத்தியவர் வேறு யாரும் இல்லை, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ என்னிடம் அன்பாக இருக்கிறாய், எனக்குக் குறை இல்லை. ஆனால் நான் என்ன நினைக்கிறேன் என்று நீ கேட்டு எத்தனை நாளாயிற்று? அந்த அட்டை நின்றால் நான் செத்துப்போக மாட்டேன். தைப்பேன், சமைப்பேன், உன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். ஆனாலும் அதை விட எனக்கு மனசில்லை. நான் விடமாட்டேன்.

அவருக்கு நேற்றே பதில் போட்டுவிட்டேன். 'உங்கள் தோல்வியை நான் ஏற்கவில்லை. உங்கள் யானை கடைசி வரிசைக்கு வந்தால் என் ராஜாவுக்குப் போக இடமில்லை, பலகை அப்படித்தான் சொல்கிறது. தோற்றவள் நான். தோற்றவருக்கு வெள்ளைக் காய், அதனால் புது ஆட்டத்தில் என் முதல் நகர்த்தல் இதோ' என்று எழுதினேன். கிராணி படித்துவிட்டு, "அதானே பார்த்தேன்!" என்று முத்திரை குத்தினார். பதில் வருமா வராதா, தெரியாது. உன் வார்த்தையை மதித்து ஜெயிக்கிற ஆட்டத்தையே விட்டுக்கொடுத்த மனிதர் அவர், என் வார்த்தைக்காக மறுபடி எழுதுவாரா என்று சொல்ல முடியாது.

கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டு நான் எழுதவில்லை. அதை எழுத வேண்டியவன் நீ. இந்தக் குடும்பத்திலிருந்து தைப்பிங்குக்கு இத்தனை வருஷத்தில் ஒட்டி மூடிய கவர் ஒன்றே ஒன்றுதான் போயிருக்கிறது, அது நீ போட்டது. நீ அட்டையில் எழுதியிருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். அழைப்பை அட்டையில் எழுது. சிங்கப்பூர் கிராணி படிக்கட்டும், தைப்பிங் கிராணி படிக்கட்டும். எழுத மனமில்லை என்றால் எழுதாதே, நான் கட்டாயப்படுத்தவில்லை. எப்படியானாலும் நான் முதல் நாளே வந்துவிடுவேன். தாலி கட்டும்போது விதவை முன்னால் நிற்கக் கூடாது என்றால் பின்னால் நிற்கிறேன், எனக்கு அது ஒரு பொருட்டில்லை. நீ சந்தோஷமாக இருப்பதை எங்கிருந்து பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

தெப்ராவில் உன்னைக் கேட்பார்கள், அதுவும் இந்த ஞாயிற்றுக்கிழமை நீ போகும்போதே கேட்பார்கள். "எங்கம்மா தபால்ல சதுரங்கம் ஆடுறாங்க, நான் சின்னப் பிள்ளையா இருந்ததுலேர்ந்து ஆடுறாங்க" என்று சொல். அதற்குமேல் கேட்டால் என்னிடம் அனுப்பு. அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை என்றால், வரவில்லை என்று எழுது. இந்தத் தடவை எனக்கே எழுது.

அம்மா